நான்கு நிறங்களுக்குள் நூறு நிறங்கள்

அறிவியல் சோலை



எங்கள் விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று வெளியூரார் அழைப்பது வழக்கம். பக்கத்து நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண் இங்கே பொம்மைகளாகவும் மின்சாரப் பீங்கான்களாகவும் உருவெடுக்கிறது. இத்தொழிலைக் கற்பிப்பதற்கென்றே அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றும் இவ்வூரில் உண்டு. பீங்கானுக்கு நிறமூட்டும் மூலப்பொருள்கள் மிகச் சிலவே. கோபால்ட்டு நீலம் தரும். இரும்பு பழுப்பு தரும். செம்பு பச்சை தரும். ஆயினும் அதே செம்பு, சூளையில் காற்று குறைந்து புகை மிகுந்தால் சிவப்பாக மாறிவிடும். கையில் எத்தனை பொருள்கள் உள்ளன என்பது மட்டுமே நிறத்தை முடிவு செய்வதில்லை. எந்த நேரத்தில், எந்த நிலையில் தீ அதைத் தொடுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இந்த உண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டு, பீங்கானுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பொருளை இம்மாதம் காண்போம். பழைய தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிதான் அது. நம் பிள்ளைகள் ‘வீடியோ கேம்’ என்று அழைத்தார்களே, அதே பெட்டி!

பரணில் உறங்கும் பெட்டி

1990ஆம் ஆண்டுகளில் நம் இல்லங்கள் பலவற்றில் இப்பெட்டி இருந்தது. அரபு நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறையில் வந்த அத்தாவோ மாமாவோ பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தது ஒரு வகை. நம் நாட்டுக் கடைகளிலேயே ‘சமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்னும் பெயர்களில் விற்கப்பட்டது மற்றொரு வகை. பின்னர் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக ‘செகா’ பெட்டிகளும் இந்தியச் சந்தைக்கு வந்தன. சமுராய், லிட்டில் மாஸ்டர் போன்றவை, ஜப்பானில் 1983ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ பெட்டியின் அச்சில் வார்க்கப்பட்ட நகல்கள். மாரியோவும் கான்ட்ராவும் நம் பிள்ளைகளுக்கு அறிமுகமானது இவற்றின் வாயிலாகத்தான்.

இன்று அப்பெட்டிகளுள் பல பரணில் தூசு படிந்து கிடக்கின்றன. ஆனால் உலகின் பல பகுதிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் அலுவலகம் சென்று திரும்புவோரும் தம் வீட்டிலிருந்தபடியே இப்பெட்டிகளுக்குப் புதிய புரோகிராம்களை எழுதி வருகின்றனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பணத்திற்காக எழுதுவதில்லை. உருவாக்கிய நிறுவனமே இயலாது என்று கைவிட்ட செயல்களை இப்பெட்டியைக் கொண்டு செய்து காட்டுவதில் அவர்களுக்கு ஓர் இன்பம். அத்தகைய செயல்களுள் ஒன்று, பெட்டிக்கு விதிக்கப்பட்ட அளவைக் காட்டிலும் அதிகமான நிறங்களைத் திரையில் தோன்றச் செய்வது.

பெட்டியின் வறுமை

ஃபேமிகாம் வகைப் பெட்டியால் ஏறத்தாழ 54 நிறங்களை உண்டாக்க இயலும். ஆனால் அனைத்தையும் ஒரே நேரத்தில் காட்ட இயலாது. திரையில் ஒரு சமயத்தில் தோன்றக் கூடியவை 25 நிறங்கள் மட்டுமே. பின்னணிக் காட்சியில் நீளவாக்கில் 16, உயரவாக்கில் 16 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திற்கும் மூன்று நிறங்களும், எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவான ஒரு நிறமுமே கிடைக்கும்.

இதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தது, அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘அட்டாரி 2600’. அதன் வறுமை இதனினும் கொடிது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் 128 நிறங்களும், நம் நாட்டிலும் நிலவிய ‘பால்’ முறையில் 104 நிறங்களும் அதற்குத் தெரியும். ஆனால் நிறங்களை வைத்துக்கொள்ள அதனிடம் இருந்த அறைகள் நான்கே. அதன் தற்காலிக நினைவகமோ வெறும் 128 பைட். அதாவது 128 எழுத்துகளை வைக்க மட்டுமே இடம். திரையில் தெரியும் படத்திலோ முப்பதாயிரம் புள்ளிகள்! முழுப் படத்தை எங்கே வைப்பது?

எங்கும் வைப்பதில்லை என்பதே விடை. வறுமையிலிருந்து வித்தை பிறந்த இடமும் அதுவே.

பாய் நெய்பவரின் கணக்கு

பழைய தொலைக்காட்சியின் பிக்சர் டியூபில் படம் முழுவதும் ஒரே கணத்தில் தோன்றுவதில்லை. மின்னணுக் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைந்து, மீண்டும் இடப்பக்கம் திரும்பி, அடுத்த வரியை வரைகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குரிய காலம் 64 மைக்ரோ விநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறுகளாக்கி அவற்றில் 64 கூறுகள்.

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாயை அறியாதார் நம்மில் யார்? அங்கு நம் சமுதாயக் குடும்பங்கள் வழிவழியாக நெய்துவரும் பாயில் கோரைகள் ஒவ்வொன்றாகச் செருகப்படுகின்றன. நெய்பவர் ஒரு நேரத்தில் செருகுவது ஒரே ஒரு கோரையைத்தான். அடுத்த கோரையைச் சிவப்பாக எடுப்பதா, பச்சையாக எடுப்பதா என்பது அவர் விருப்பம். கையில் ஒரு சமயத்தில் ஒரு நிறமே இருப்பினும், முடிந்த பாயில் எத்தனை நிறங்களும் இருக்கலாம்.

அட்டாரி 2600க்குப் புரோகிராம் எழுதுவோரும் இதையே செய்கின்றனர். நான்கு அறைகளில் உள்ள நான்கு நிறங்கள் அந்தக் கணத்திற்கு மட்டுமே உரியவை. கற்றை ஒரு வரியை முடித்துத் திரும்பும் இடைவெளியில் அறையிலுள்ள பழைய நிறத்தை நீக்கிப் புதிய நிறத்தை வைத்துவிட்டால், அடுத்த வரி புதிய நிறத்தில் வரும். மேலே சென்ற வரிகளோ ஏற்கெனவே கண்ணில் பதிந்துவிட்டன. இவ்வாறு வரிக்கு வரி மாற்றிக்கொண்டே சென்றால், அந்திவானத்தின் செம்மை மெல்ல மெல்ல இருளாவதை நான்கே அறைகளைக் கொண்டு காட்டிவிடலாம். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எண்டூரோ’ என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தில் மாலை வானம் இவ்வாறு நிறம் மாறியது பலரையும் கவர்ந்தது.

இதற்கான கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு வரி முடிவதற்குள் அப்பெட்டியின் மூளை 76 முறை துடிக்கும். புதிய நிறத்தின் எண்ணை எடுக்க 2 துடிப்புகள். அதை அறையில் வைக்க 3 துடிப்புகள். ஆக மொத்தம் 5. வேறு எந்த வேலையும் செய்யாவிட்டால் வரிக்குப் பதினைந்து முறை நிறத்தை மாற்றலாம். வரியின் நடுவிலேயும் மாற்றலாம். ஆனால் ஒரு துடிப்பிற்குள் கற்றை மூன்று புள்ளிகளைக் கடந்துவிடுவதால், ஐந்து துடிப்புகளுக்குள் பதினைந்து புள்ளிகள் ஓடிவிடும். ஒரு துடிப்பு பிந்தினாலும் நிறம் மூன்று புள்ளிகள் தள்ளி விழும். ஆகவே எழுதுபவர் ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று பலசரக்குக் கடைச் சிட்டையைப் போல் கூட்டிக் கழித்துப் பார்த்தே எழுதுகிறார்.

இதே முறை நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட ஒரு கணிப்பொறிக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணிப்பொறியை, பின்னர் புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் நிறுவனம் ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் இந்தியாவில் விற்றது. அதில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டே நிறங்கள் இருக்க முடியும். ஒரு பச்சை மரத்தின் முன்னால் மஞ்சள் மனிதன் நடந்தால் மரமும் மஞ்சளாகிவிடும்! கற்றை அந்தக் கட்டத்தின் மேற்பாதியைக் கடந்தவுடன் நிறத்தை மாற்றிவிட்டால், கீழ்ப்பாதிக்கு வேறு இரண்டு நிறங்கள் கிடைக்கும். கட்டம் அதேதான், காலம் மட்டுமே கூறுபட்டது.

மேலே வைத்து ஒட்டுதல்

சமுராய் வகைப் பெட்டிகளில் வரிக்கு வரி நிறம் மாற்றுவது அத்தனை எளிதன்று. கற்றை திரும்பும் இடைவெளியில் அப்பெட்டியின் மூளைக்குக் கிடைப்பது முப்பதுக்கும் குறைவான துடிப்புகளே. அதிலும் படம் வரையும் பகுதியைச் சற்று நிறுத்திவிட்டுத்தான் நிறத்தை மாற்ற வேண்டும். எனவே இங்கு வேறொரு வழி கையாளப்பட்டது.

அசையும் உருவங்கள் பின்னணிக்கு மேலே தனியாக வைக்கப்படுபவை. ஓர் உருவத்துண்டிற்கு மூன்று நிறங்கள். ஒரு துண்டின்மேல் மற்றொரு துண்டை வைத்தால்? மூன்றும் மூன்றும் ஆறு! 1987ஆம் ஆண்டின் ‘மெகா மேன்’ ஆட்டத்தில் வீரனின் நீல உடல் ஒரு துண்டு. அவன் முகம் அதன்மேல் வைத்த மற்றொரு துண்டு. துணியில் ஜரிகைப் பூவைத் தனியே வெட்டி ஒட்டித் தைப்பதைப் போன்றது இது. ஆனால் ஒரு வரியில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் இப்பெட்டியால் காட்ட இயலாது. ஒருவனுக்கு அழகு கூட்டினால், பகைவருள் ஒருவனைக் குறைத்தாக வேண்டும்.

பம்பரம் சொன்ன உண்மை

மூன்றாவது வழி கண்ணையே கருவியாக்குவது. இதற்கு அடிப்படையான உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவருள் ஒருவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். ஒளியையும் பார்வையையும் பற்றிய தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் அவர் பம்பரத்தைப் பற்றிப் பேசுகிறார். பல நிறங்கள் தீட்டிய பம்பரம் விரைந்து சுழலும்போது அவற்றுள் எதுவும் தனித்துத் தெரியாமல், எல்லாம் கலந்த ஒரே நிறமே தெரிகிறது. நிறத்தை உணர்ந்துகொள்ளப் பார்வைக்குச் சிறிது காலம் தேவை என்று அவர் இதிலிருந்து விளக்கினார்.

நம் பெட்டி விநாடிக்கு 50 படங்களைத் திரைக்கு அனுப்புகிறது. முதற்படத்தில் ஓரிடத்தைச் சிவப்பாகவும் அடுத்த படத்தில் அதே இடத்தை நீலமாகவும் காட்டி, மாறி மாறித் தொடர்ந்தால், பார்ப்பவருக்கு அது ஊதாவாகத் தெரியும். பெட்டியின் நிறப் பட்டியலில் அந்த ஊதா இல்லவே இல்லை! அது பிறந்த இடம் நம் கண்.

ஆண்ட்ரூ டேவி என்னும் ஆஸ்திரேலியப் புரோகிராமர், அட்டாரி 2600க்காக இதை மேலும் செம்மை செய்தார். சிவப்பு, பச்சை, நீலம் என வரிகளை அடுக்கி, அடுத்தடுத்த படங்களில் அந்த வரிசையை ஒவ்வொரு வரியாக நகர்த்திவிடுவது அவர் முறை. துடிப்பு திரை முழுவதும் பரவி நிற்பதால் கண்ணை உறுத்துவது குறைகிறது. மூன்று நிறங்களின் கலவையால் பல நிறங்கள் கிடைக்கின்றன.

குறையே துணை

பழைய தொலைக்காட்சியின் படம் இன்றைய திரையைப் போல் கூர்மையானதன்று. ஒற்றைக் கம்பி வழியே படம் சென்றபோது அருகருகே இருந்த புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலந்தன. இந்தக் குறையையும் பயன்படுத்திக்கொண்டனர். செகா நிறுவனத்தின் ‘மெகா டிரைவ்’ பெட்டி 512 நிறங்களை அறிந்தது; அதன் நிற அறைகளோ 64. அதில் 1991ஆம் ஆண்டு வெளியான ‘சோனிக்’ ஆட்டத்தின் அருவி, ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்திய நெடுக்குக் கோடுகளால் ஆனது. பழைய தொலைக்காட்சியில் அக்கோடுகள் கலந்து, பின்னால் இருப்பதும் தெரியும் தண்ணீராயின. அதே ஆட்டத்தை இன்றைய திரையில் கூர்மையாகக் காட்டினால் வெறும் கம்பிகளே தெரிகின்றன.

தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டு தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் பிக்சர் டியூப் வகையைச் சேர்ந்தவை. இன்று பழைய இரும்புக் கடைக்குப் போகும் அப்பெட்டிகளுள் நல்ல நிலையிலுள்ள ஒன்று, இவ்வித்தைகளை உள்ளபடியே காண்பதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் எக்காரணம் கொண்டும் அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டா. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பிக்சர் டியூபில் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும்.

இவ்வித்தைகளின் விலை

இத்தனை நிறங்களும் இலவசமாகக் கிடைத்துவிட்டனவா? இல்லை. வரிக்கு வரி நிறத்தை மாற்றும் மூளைக்கு, ஆட்டத்தை நடத்த நேரமில்லை. மனிதன் குதித்தானா, பந்து சுவரில் பட்டதா, புள்ளிகள் எத்தனை என்றெல்லாம் கணக்கிட வேண்டிய நேரம் நிறத்திலேயே கரைந்துவிடுகிறது. ‘கேம் பாய் கலர்’ என்னும் 1998ஆம் ஆண்டின் கையடக்கப் பெட்டி ஒரு சமயத்தில் 56 நிறங்களைக் காட்டும். வரிக்கு வரி மாற்றி அதில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நிறங்களைக் காட்டினர். ஆயினும் அத்தகைய படங்களுள் பெரும்பாலானவை அசையாமல் நிற்கும் படங்களே. பந்தலுக்கே பணம் முழுவதையும் செலவிட்டுவிட்டுக் கலியாண விருந்துக்குக் கடன் வாங்கும் வீட்டை இது நினைவூட்டவில்லையா? எதற்கு எவ்வளவு என்று பங்கிடத் தெரிந்தவரே இங்கும் வெல்கிறார்.

மற்றொரு விலை கண்ணுக்கு. பெற்றோர் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன். ஜப்பானில் 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஒளிபரப்பான ‘போக்கிமான்’ படத்தொடரில், சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறித் திரை முழுவதும் மின்னின. அதைப் பார்த்தபின் 685 பிள்ளைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒளித்துடிப்பால் வலிப்பு தூண்டப்படும் இயல்பு மிகச் சிலருக்கே உண்டு. ஆனால் நம் பிள்ளைக்கு அது உண்டா என்பது முதன்முறை நேரும்வரை பெரும்பாலும் தெரிவதில்லை.

மாறி மாறிக் காட்டும் வித்தையில் விநாடிக்கு 25 முறை நிறம் திரும்ப வருகிறது. ஆகவே பொறுப்புள்ள புரோகிராமர்கள், வெளிச்சத்தில் ஏறத்தாழ ஒத்திருக்கும் இரு நிறங்களையே இணை சேர்க்கின்றனர். திரையின் சிறு பகுதிக்கே அதைப் பயன்படுத்துகின்றனர். வெள்ளையையும் கறுப்பையும் மாற்றி மாற்றி மின்னச் செய்யும் படத்தைப் பிள்ளைகள் பார்க்காதிருப்பது நலம். விளையாடும் அறையில் விளக்கு எரியட்டும். திரைக்கு மிக அருகில் அமர வேண்டா. வீட்டில் எவருக்கேனும் வலிப்பு இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இவ்வகைப் படங்களைக் காட்ட வேண்டா.

பிள்ளைகள் கற்பதற்கு என்ன இருக்கிறது?

“கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் கைப்பேசி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்போது, இந்தப் பழங்கதை எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அந்தக் கைப்பேசியில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு எழுவதில்லை என்பதுதான் என் கவலை. எல்லாம் நிறைந்த கருவி கையில் இருந்தால் பயன்படுத்தப் பழகுவோம். குறையுள்ள கருவிதான் அதன் உள்ளே எட்டிப் பார்க்கச் செய்யும்.

அப்படிக் கற்ற கல்வி வீணாவதுமில்லை. பேருந்து நிலையத்திலும் கலியாண மண்டபத்திலும் எழுத்துகள் ஓடும் மின்விளக்குப் பலகையைப் பாருங்கள். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே வகை விளக்குகள். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத விரைவில் அணைத்து அணைத்து ஏற்றியே பல நிறங்களை உண்டாக்குகின்றனர். பம்பரத்தின் அதே கணக்கு! வாஷிங் மெஷினுக்குள்ளும் இன்வெர்ட்டருக்குள்ளும் உள்ள சின்னஞ்சிறு கணிப்பொறிகளுக்கு நினைவகம் சிறிது. அவற்றிற்கு எழுதுவோரும் துடிப்புகளை எண்ணியே எழுத நேரிடுகிறது. இன்றைய பெரிய ஓடு ஆலைகளில் தரை ஓட்டின்மீது பளிங்கின் சாயலைக் கொண்டுவருவது, ஒரு சில மைகளை நுண்புள்ளிகளாகத் தெளிக்கும் அச்சு இயந்திரமே. பீங்கான் பயிலும் மாணவனுக்கும் இந்தப் பாடம் அயலானதன்று.

தொடங்குவதற்குச் செலவும் இல்லை. பழைய பெட்டியே இல்லாவிடினும், அதைப் போலவே இயங்கும் ‘ஸ்டெல்லா’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியிலோ வீட்டிலோ உள்ள சாதாரணக் கணிப்பொறி போதும். மகனோ மகளோ, முதல் வாரத்தில் திரை முழுவதையும் ஒரே நிறமாக்கட்டும். இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு வரியிலும் நிற எண்ணை ஒன்று கூட்டட்டும். கருந்திரையில் வானவில் விரியும். அதைத் தானே எழுதிய பிள்ளை, அதன்பின் எந்தத் திரையையும் பழைய கண்ணால் பார்க்காது.

இம்முயற்சிகளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று அறிஞர் உலகமும் ஒதுக்கிவிடவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்த எட் ஃப்ரைஸ், அட்டாரி 2600க்காகத் தாமே எழுதி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹேலோ 2600’ ஆட்டத்தை, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகம் 2013ஆம் ஆண்டில் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 1977ஆம் ஆண்டின் பெட்டிக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஆட்டம் அது!

ஆகவே அன்பர்களே, பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டி கைக்குக் கிடைத்தால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு முறை பிள்ளைகளிடம் கொடுங்கள். “இதற்குத் தெரிந்த நிறங்கள் எத்தனை? அதற்கு மேல் உன்னால் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். விடை கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்கள்தாம் கல்வி.

பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கேசட்டில் கணிப்பொறிப் புரோகிராம்களைச் சேமித்து வைத்த விந்தையை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.